வைரஸ் தொற்றால் மணமும் சுவையும் இழந்தவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறேன். 2021 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவில் கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, எனக்கும் தொற்று வந்தது. காய்ச்சல் தணிந்த மூன்றாம் நாள் காலையில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்தது, கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்து சடசடத்தது, மணம் மட்டும் வரவில்லை. சட்டியின்மேல் குனிந்து மூச்சை இழுத்தேன். முகத்தில் சூடு பட்டதே தவிர, மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. அன்று முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் இந்தக் குறையோடு வாழ்ந்தேன். பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்து வரும் பெற்றோரும், டர்பனை அடுத்த பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இருக்கும் உறவினர்களும், கோயில் சமையலில் கைகொடுக்கும் பெண்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன். எனக்குச் சிகிச்சை அளித்த காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கியவற்றையும், நானாகத் தேடிப் படித்தவற்றையும், பட்டறிந்தவற்றையும் எழுதுகிறேன்.

எனக்குச் சளியே இல்லை, மூக்கும் அடைக்கவில்லை. பிறகு மணம் எப்படிப் போயிற்று?

சாதாரணச் சளியில் மூக்கு வீங்கி அடைத்துக்கொள்வதால், காற்று மேலே ஏற முடியாமல் மணம் மங்குகிறது. அடைப்பு நீங்கியதும் மணம் திரும்பிவிடுகிறது. கொரோனாவில் பலருக்கு நடந்தது இதுவன்று. மூக்கு நன்றாகத் திறந்திருந்தும் மணம் இல்லை என்பதுதான் அந்த நாள்களில் எல்லோரையும் திகைக்க வைத்தது.

மூக்குத் துவாரங்களின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட உயரத்தில், தபால்தலை அளவே உள்ள மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மணத்தை உணரும் நரம்புச் செல்கள் அங்கேதான் உள்ளன. அந்தச் செல்களில் மணத் துகள்களைப் பிடித்து அடையாளம் காணும் புரதங்களை மண ஏற்பிகள் என்கிறார்கள். மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உண்டு. இந்த ஏற்பிகளுக்குரிய மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகிய இருவரும் 1991இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். காப்பியின் மணம் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பது, பல ஏற்பிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் அனுப்பும் செய்திக் கோவையாகும்.

கொரோனா வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைவதற்குக் கதவு போல உதவும் புரதங்கள் இந்த நரம்புச் செல்களில் இல்லை. அவற்றைச் சுற்றி நின்று தாங்கி, ஊட்டம் கொடுத்து, சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் துணைச் செல்களில் இருக்கின்றன. வேலை செய்பவன் நலமாக இருக்க, அவனுக்குச் சோறு பொங்கிப் போடுபவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் வீடு என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆகிறது. துணைச் செல்கள் அழிய, நரம்புச் செல்களின் நுனியில் மணத் துகள்களைப் பிடிக்கும் நுண்ணிழைகள் உதிர்கின்றன. அழற்சியால் ஏற்பிகளின் எண்ணிக்கையும் குறைந்துபோகிறது. இந்தச் சவ்வின் அடியில் இருக்கும் மூலச் செல்களுக்குப் புதிய நரம்புச் செல்களையே உருவாக்கும் ஆற்றல் உண்டு என்பது நம் நல்லூழ். நரம்பு மண்டலத்தில் வாழ்நாள் முழுவதும் இப்படிப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்கள் மிகச் சிலவே. ஆகவே இழப்பு பெரும்பாலும் நிலையானதன்று. ஆனால் அந்தப் புதுப்பிப்பு மெதுவாகத்தான் நடக்கும்.

சுவையை அறிவது நாக்குதானே? மூக்கு கெட்டால் சாப்பாடு ஏன் மண்ணாகத் தெரிகிறது?

நம்மவர்கள் அறுசுவை என்று பிரித்திருப்பதை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கையும் நாக்கு நேராக அறிகிறது. கறிச்சாறு, காளான், தக்காளி போன்றவற்றில் உள்ள உமாமி என்னும் சுவையை ஐந்தாவதாக இன்றைய அறிவியல் சேர்க்கிறது. கார்ப்பு நாக்கின் சுவை மொட்டுகள் அறியும் சுவையன்று. மிளகாய், வெப்பத்தையும் வலியையும் உணர்த்தும் நரம்பில் உள்ள ஓர் ஏற்பியைத் தூண்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. துவர்ப்பிலும் தொடுவுணர்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் உள்ள வேறுபாடு, கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் உள்ள வேறுபாடு, ஏலக்காய், சோம்பு, நெய், கறிவேப்பிலை ஆகியவையெல்லாம் மூக்கின் வேலை. நாம் மெல்லும்போது வாயின் பின்புறம் வழியாக மணம் மேலேறி அந்தச் சவ்வை அடைகிறது. மூளை அதை வாயில் நடப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. நலமாக உள்ள ஒருவர் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு சோம்பு மிட்டாயை மென்று பார்க்கட்டும். இனிப்பு மட்டும் தெரியும். கையை எடுத்த நொடியில் சோம்பு வந்துவிடும்.

உங்களுக்குப் போனது மணமா, சுவையா என்று அறிய வீட்டிலேயே சோதிக்கலாம். உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, பாகற்காய்ச் சாறு ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பாருங்கள். நான்கும் பிரிந்து தெரிந்தால் நாக்கு நலமாக இருக்கிறது. கொரோனாவில் சிலருக்கு நாக்கின் சுவையும், மிளகாயின் எரிவும்கூட மங்கியது உண்மைதான்; ஆனால் "சுவையே இல்லை" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் குறை மூக்கில்தான் இருக்கிறது.

இது கொரோனாவால் மட்டும் வருவதா?

அல்ல. இன்ஃபுளுவென்சாவும், சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்களும் நெடுங்காலமாகவே இதைச் செய்துவந்திருக்கின்றன. தலையில் அடிபடுவது, நாள்பட்ட சைனஸ் நோய் ஆகியவற்றோடு, வைரஸ் தொற்றும் மணம் இழப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது மருத்துவர்களுக்கு 2020க்கு முன்பே தெரியும். ஆனால் அப்போது அது அங்கொருவர் இங்கொருவர் என்ற அளவில் இருந்ததால், பாதிக்கப்பட்டவர்களின் குரல் யாருக்கும் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள், திடீரென மணம் இழப்பது கொரோனாவின் அறிகுறியாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள். அந்நாட்டு அரசு அதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது மே 18ஆம் தேதிதான்.

இப்போது வரும் கொரோனாவிலும் மணம் போகுமா?

போகலாம், ஆனால் முன்பைவிடக் குறைவு. ஒமிக்ரான் வகையைத் தென்னாப்பிரிக்கா 2021 நவம்பர் 24ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தது. அதற்குப் பின்னர் பிரிட்டனில் தடுப்பூசி போட்டவர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், டெல்டா காலத்தில் தொற்றியவர்களில் சுமார் 53 விழுக்காட்டினரும், ஒமிக்ரான் காலத்தில் சுமார் 17 விழுக்காட்டினரும் மணம் இழந்ததாகத் தெரிவித்தார்கள். பழைய அலைகளில் தப்பியவர்கள் புதிய வகையில் மாட்டிக்கொண்டதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது திரும்பும்? மூன்று மாதம் ஆகிவிட்டது, நம்பிக்கை போய்க்கொண்டிருக்கிறது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த கணிப்பின்படி, மணம் இழந்தவர்களில் 30 நாள்களில் சுமார் 74 விழுக்காட்டினரும், 60 நாள்களில் 86 விழுக்காட்டினரும், 90 நாள்களில் 90 விழுக்காட்டினரும், 180 நாள்களில் 96 விழுக்காட்டினரும் மீண்டிருக்கிறார்கள். மூன்று மாதம் கடந்த பின்னும் மீளாதவர்கள் பத்தில் ஒருவர். அந்த ஒருவருக்கும் கதவு மூடிவிடவில்லை. மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் மீண்டார்கள் என்பதை அதே எண்கள் காட்டுகின்றன. ஓராண்டுக்குப் பிறகு முன்னேற்றம் கண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. பெண்கள் மீள்வது சற்றுக் கடினம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. தொடக்கத்தில் முழுமையாக இழந்தவர்களைவிட, கொஞ்சமாவது மணம் மிஞ்சியிருந்தவர்கள் நன்றாக மீள்கிறார்கள்.

ஒரு சிறு விழுக்காட்டினருக்கு அது முழுமையாகத் திரும்புவதில்லை. இதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

மணம் திரும்பியது, ஆனால் வெங்காயம் வதக்கினால் சாக்கடை நாறுகிறது. எனக்கு என்ன ஆயிற்று?

என்னிடம் வரும் கேள்விகளில் அதிக வேதனையோடு வருவது இதுதான். மணம் இல்லாமல் இருப்பதைப் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள்; திரிந்து வருவதைப் பொறுக்க முடிவதில்லை. இதை மணத் திரிபு என்று சொல்லலாம். பெரும்பாலும் தொற்று வந்து இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு, "சரியாகிவருகிறது" என்று மகிழும் நேரத்தில் தொடங்குகிறது. எனக்கு ஏப்ரலில் வந்தது. வெங்காயம், பூண்டு, பெருங்காயம், காப்பி, வறுத்த இறைச்சி, முட்டை, பற்பசை ஆகிய அனைத்துக்கும் ஒரே நாற்றம். ஈரத் துணியும் எரிந்த ரப்பரும் அழுகிய ஏதோ ஒன்றும் கலந்தது போன்ற, அதற்கு முன் நான் அறிந்தே இராத நாற்றம். பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்துக்கும் வழங்கிய சொல். அந்தச் சொல் பல நூற்றாண்டுகளில் அடைந்த வீழ்ச்சியை, என் வீட்டுக் காப்பி ஒரே வாரத்தில் அடைந்துவிட்டது.

காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்: புதிதாக வளரும் நரம்புச் செல்கள் இன்னும் முழு எண்ணிக்கையில் இல்லை, சில தவறான இடத்தில் இணைந்தும் இருக்கலாம். எனவே முன்பு பல ஏற்பிகள் சேர்ந்து அனுப்பிய செய்தியில் சில துண்டுகள் மட்டும் மூளைக்குப் போகின்றன. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பியின் மணக்கூறுகளைத் தனித்தனியே பிரித்து, பாதிக்கப்பட்டவர்களிடம் முகரக் கொடுத்துச் சோதித்தார்கள். வறுக்கும்போது உருவாகும், கந்தகம் அடங்கிய சில சேர்மங்கள்தான் பெரும்பாலோருக்கு அருவருப்பை உண்டாக்கின. அவை மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் தொடும் தன்மை கொண்டவை. நம் சமையல் வெங்காயத்திலும் பூண்டிலும் பெருங்காயத்திலும் தொடங்குவது. எல்லாமே கந்தகச் சேர்மங்கள் நிறைந்தவை. டர்பன் வீடுகளில் மாலை ஐந்து மணிக்கு வெங்காயம் வதங்காத தெரு ஏது?

இந்தக் காலத்தைக் கடக்க எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். சூடான உணவைவிட ஆறிய உணவு எளிதாக இறங்கும்; சூடு ஏற ஏற மணத் துகள்கள் அதிகம் எழும். வறுப்பதையும் பொரிப்பதையும் தவிர்த்து வேகவைத்ததை உண்ணுங்கள். வெங்காயம் பூண்டு சேர்க்காத விரதச் சமையல் நம் வீடுகளுக்குப் புதிதன்று. புரட்டாசியில் செய்வதை ஆண்டு முழுவதும் செய்யலாம். தயிர்ச் சோறு, இட்லி, வெள்ளரிக்காய், பப்பாளி ஆகியவை இறங்கின. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு வார்ப்பதற்காகச் சோளமாவில் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழ்தான், அந்த ஆண்டு நான் அருவருப்பின்றிக் குடித்த முதல் பொருள். புளிப்பும் குளிர்ச்சியும் நாக்குக்கு எட்டின. மூக்கைத் தொந்தரவு செய்ய அதில் எதுவும் இல்லை.

திரிபு வந்தவர்கள் அஞ்ச வேண்டாம். எதுவுமே எட்டாத மூக்கில் ஏதோ எட்டத் தொடங்கியிருக்கிறது. நரம்பு மீண்டும் வளர்வதன் அடையாளமாகவே பல மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

யாருக்கும் தெரியாத புகை வாசனை எனக்கு மட்டும் வருகிறது. மூளையில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. எரியும் வாசனை, சிகரெட்டுப் புகை வாசனை ஆகியவை இல்லாமலே இருப்பதாகத் தோன்றுவது வைரஸ் தொற்றுக்குப் பின் பலருக்கு வருகிறது, நாளடைவில் தேய்ந்துவிடுகிறது. தொற்று எதுவும் இல்லாமல் திடீரெனத் தொடங்கினாலோ, வலிப்பு, நினைவு தடுமாறுதல், கடும் தலைவலி ஆகியவற்றோடு வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்று: வாசனை பொய்யானது என்று நீங்களே முடிவுசெய்துவிடாமல், வீட்டில் இருப்பவரைக் கேட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

முகர்வுப் பயிற்சி என்கிறார்களே, அது என்ன? உண்மையிலேயே பயன் தருமா?

தரும், அற்புதம் எதையும் எதிர்பார்க்காமல் செய்தால் தரும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது பரவியது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களைக் காலையும் இரவும் 12 வாரம் முகர்ந்தவர்கள், முகராதவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளும் இதை ஆதரிக்கின்றன. பக்க விளைவு இல்லை, செலவும் மிகக் குறைவு; ஆகவே மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

நான்கு மணங்களும் நமக்கு அயலானவை அல்ல. பன்னீரும் கிராம்பும் பூசைக் கடையிலேயே கிடைக்கும். டர்பனில் உள்ள விக்டோரியா தெருச் சந்தையின் மசாலாக் கடைகளில் நல்ல கிராம்பு வாங்கலாம். யூகலிப்டஸ் தைலம் எந்த மருந்துக் கடையிலும் உண்டு. மூடியுள்ள நான்கு சிறிய கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பஞ்சு வைத்து, அதில் சில துளி எண்ணெய் விடுங்கள். கிராம்பை நசுக்கியும், எலுமிச்சைத் தோலைச் சீவியும் போடலாம். புட்டியின் மேல் பெயர் ஒட்டுங்கள். காலை உணவுக்கு முன்னும் இரவு படுக்கும் முன்னும், ஒவ்வொரு புட்டியையும் மூக்குக்கு அருகே பிடித்து, பத்து முதல் இருபது விநாடி மெதுவாக, முயல் முகர்வது போலச் சிறு சிறு மூச்சாக முகருங்கள். வேகமாக உறிஞ்ச வேண்டாம். அடுத்ததற்குப் போகும் முன் சற்று நேரம் விடுங்கள். முகரும்போது அந்தப் பொருளை நினைவில் கொண்டுவர வேண்டும் என்று என் மருத்துவர் வற்புறுத்தினார். எலுமிச்சையை அறுக்கும்போது விரலில் தெறித்த சாற்றை, பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்ற திருமண நாளை எண்ணிக்கொண்டு முகரச் சொன்னார்.

என் குறிப்பேட்டில் முதல் ஐந்து வாரமும் "இல்லை, இல்லை, இல்லை" என்றே இருக்கிறது. நடுவே ஒரு நாள் யூகலிப்டஸ் மூக்கில் குளிர்ச்சியாக ஏறியதைக் கண்டு மகிழ்ந்து எழுதியிருக்கிறேன். அது மணமன்று, மிளகாயின் எரிவைப் போன்ற தொடுவுணர்வு என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். கற்பூரமும் கிராம்பும்கூட அப்படி ஏமாற்றும். ஏழாம் வாரத்தில் எலுமிச்சைப் புட்டிக்கு நேராக "பச்சையாக ஏதோ ஒன்று" என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான் வந்தது. ஆனால் அன்றுதான் பயிற்சியை விடுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

12 வாரம் முடிந்ததும் நான்கு மணங்களையும் மாற்றி, மல்லிகை, கமலா ஆரஞ்சு போன்ற புதியவற்றைக் கொண்டு தொடர்வது இன்னும் நல்லது என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எண்ணெய் காற்றுப்பட்டு வீரியம் இழக்கும். சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்றுங்கள். யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் குழந்தைகள் விழுங்கினால் நஞ்சாகும் என்பதால் புட்டிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். மணத் திரிபு உள்ளவர்கள் அருவருப்பூட்டும் மணத்தை வலிந்து முகர வேண்டியதில்லை. சகிக்கக்கூடிய வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

மாத்திரை, சொட்டு மருந்து, ஆவி, கை வைத்தியம் ஏதாவது உண்டா?

உறுதியாக மணத்தை மீட்டுத்தரும் மருந்து எதுவும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையைச் சில மருத்துவர்கள் குறுகிய காலத்துக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் அதன் பயனுக்கு வலுவான சான்று இல்லை, அது இரத்தச் சர்க்கரையை உயர்த்திவிடும். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம்மிடையே குறைவு என்பதால், ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் வாங்கிப் போடும் வழக்கத்தை இதில் மட்டுமாவது விட்டுவிடுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து ஒவ்வாமையோ சைனஸ் வீக்கமோ சேர்ந்து இருப்பவர்களுக்கு உதவும். துத்தநாக மாத்திரையால் பயன் இருப்பதாக நிறுவப்படவில்லை. மூக்குக்குள் நேராகப் போடும் துத்தநாக மருந்து மணத்தையே பறித்துவிடும் ஆபத்து உடையது. 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது.

ஆவி பிடிப்பது அடைப்பைத் தளர்த்தலாம். அழிந்த செல்லை வளர்க்காது. 2020இலும் 2021இலும் இங்கே எல்லோரும் ஜூலு மக்கள் உம்ஹ்லொன்யானே என்று அழைக்கும் செடியைத் தேடி அலைந்தோம். நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த அந்த இலையைப் போட்டு நானும் ஆவி பிடித்தேன். மனத்துக்கு ஆறுதலாக இருந்தது, மணம் வரவில்லை. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோனால் வேறு துன்பம் சேரும். மிளகாய்ப் பொடி, பூண்டுச் சாறு, கடுகெண்ணெய் ஆகியவற்றை மூக்கில் விடுவது தீங்கு. புண்ணான சவ்வை மேலும் புண்ணாக்கும். உப்பு நீரால் மூக்கைக் கழுவலாம், ஆனால் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

தனியாக இருக்கும் என் தாயாருக்கு மணம் தெரியவில்லை. வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் உயிரோடு தொடர்புடையது இதுதான். 2022, 2023ஆம் ஆண்டுகளின் மின்வெட்டில் நம் வீடுகள் பலவற்றில் எரிவாயு அடுப்பு புதிதாக வந்து சேர்ந்தது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே கந்தகச் சேர்மம் ஒன்றை அதில் கலக்கிறார்கள். மணம் இழந்தவருக்கு அந்தக் காவல் இல்லை. கசிவை ஒலியெழுப்பிக் காட்டும் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே கருவியைத் தரைக்கு அருகில் வைக்க வேண்டும். புகை எச்சரிப்புக் கருவியைக் கூரையில் வைக்க வேண்டும். சிலிண்டரின் வால்வைச் சமைத்து முடித்ததும் மூடுவதை வழக்கமாக்குங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தால், குமிழி எழும் இடத்தில் கசிவு இருக்கும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி மாதத்தில் ஒரு மாலை, பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் மாணவர் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கதவு இடுக்கில் நீலமாக ஏதோ நெளிவது கண்ணில் பட்டபோதுதான் எழுந்தேன். சட்டி கரியாகி, சமையலறை முழுதும் புகை. என் மூக்கு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அடுப்புப் பற்றவைத்தால் நேரமணி வைக்காமல் நகர்வதில்லை.

கெட்டுப்போன உணவு அடுத்த ஆபத்து. மின்வெட்டால் குளிர்பெட்டி பல மணி நேரம் அணைந்து கிடந்தால், மீனும் பாலும் இறைச்சியும் எப்போது கெட்டன என்று தெரியாது. பாத்திரத்தின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். ஐயம் இருந்தால் மணம் தெரிந்த ஒருவரிடம் முகரச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் கொட்டிவிடுங்கள்.

சாப்பாடு பிடிக்கவே இல்லை. உப்பும் காரமும் கூட்டிக்கொண்டே போகிறேன். பரவாயில்லையா?

உப்பைக் கூட்டுவது பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கேடு. இனிப்பும் அப்படியே. அவற்றுக்குப் பதிலாகப் புளி, எலுமிச்சை, தயிர், மாங்காய் ஆகியவற்றைக் கூட்டுங்கள். மெல்லும்போது தெரியும் பதத்தில் கவனம் வையுங்கள்: சோற்றோடு அப்பளம், வறுத்த வேர்க்கடலை, பச்சைக் காரட் துருவல் என்று ஒவ்வொரு வேளையும் மொறுமொறுப்பான ஒன்று இருக்கட்டும். காரம் வயிறு தாங்கும் அளவுக்கு இருக்கலாம். எடை குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இது விரைவில் பலவீனமாகிவிடும்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. "இதெல்லாம் ஒரு நோயா?" என்கிறார்கள்.

கண்ணில் கட்டும் காலில் பட்டையும் இல்லாததால் இந்தக் குறையை யாரும் காண்பதில்லை. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் உள்ளே ஓர் இடைநிலையத்தில் நின்று செல்கின்றன. மணத்தின் செய்தி மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் மணம் போனவர்கள், உலகத்துக்கும் தமக்கும் இடையில் கண்ணாடிச் சுவர் எழுந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தும் ஒன்றும் உணராமல் ஓர் இளம் தாய் என் முன்னால் அழுதிருக்கிறார். தன் மேல் வியர்வை நாறுகிறதோ என்று ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தவர் ஒருவரை அறிவேன். குளிர்காலத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரைப் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்து அறுவடை செய்யும்போது கரிந்த இனிப்பாக ஒரு மணம் காற்றில் வருமே, அதை முகர்ந்து வளர்ந்த எனக்கு, சாம்பல் முற்றத்தில் விழுவதைக் கண்ணால் கண்டும் மணம் வராத அந்த 2021ஆம் ஆண்டுக் குளிர்காலம் மிகவும் தனிமையாக இருந்தது.

ஆகவே வீட்டில் உள்ளவர்களிடம் என் வேண்டுகோள்: சமைத்தவர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போது அவர் உண்மையிலேயே அறியாமல் கேட்கிறார். பொறுமையாகச் சொல்லுங்கள். சோர்வும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் மருத்துவ உதவி உண்டு.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? என்ன சொல்ல வேண்டும்?

தொற்றுக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் உங்கள் பகுதி மருத்துவரிடமோ பொது மருத்துவ நிலையத்திலோ காட்டி, காது மூக்கு தொண்டை மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சளியோ காய்ச்சலோ இல்லாமல் மணம் மெல்ல மெல்லக் குறைந்தால், ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்தால், மூக்கில் இரத்தம் வந்தால், தலையில் அடிபட்ட பிறகு மணம் போனால், பார்வை மங்கினால் காத்திருக்க வேண்டாம். முதியவர்களுக்குக் காரணமின்றி மணம் குறைவது சில வேளைகளில் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களின் முன்னறிகுறியாக இருப்பதுண்டு. அதைச் சோதித்து விலக்குவது மருத்துவரின் வேலை.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: தொற்று வந்த தேதி, மணம் போன தேதி, முழுவதும் போயிற்றா பாதி போயிற்றா, திரிபு உண்டா, எந்தெந்தப் பொருளுக்கு, நாக்கில் உப்பும் இனிப்பும் தெரிகின்றனவா, நீங்கள் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயர்களும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் தாமாகவே சுவையை மாற்றக்கூடியவை என்பதால் அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முகர்வுப் பயிற்சி செய்துவந்தால் அந்தக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.